கடை வண்டி கிளம்பாவிட்டால்... கிளம்பிய வண்டி நிற்காவிட்டால்...

மளிகைக் கடைக்காரருக்குத் தராசு எப்படியோ அப்படித்தான் மொபெட்டும். கோவை ரங்கே கவுடர் வீதியில் பருப்பும் மிளகாயும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு சூலூருக்கும் அன்னூருக்கும் கிணத்துக்கடவுக்கும் திரும்புகிற சிறு வியாபாரிகளைப் பார்த்தால் இது புரியும். காலடியில் 26 கிலோ அரிசிச் சிப்பம், பின்னால் எண்ணெய் டின், ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பைகள். இவ்வளவையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற அந்தச் சிறிய எஞ்சின் ஒரு நாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்ப மறுத்தால், அன்றைய காய்கறிக் கொள்முதல் போயிற்று, கடை திறக்கும் நேரமும் போயிற்று. உறுப்பினர்கள் பலர் இது குறித்து எழுதும்படி கேட்டதால் இந்த விளக்கத்தைத் தருகிறோம்.

ஓசூரில் தயாரான டி.வி.எஸ். 50 வண்டி 1980ல் வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் என்று பெயர் வாங்கியது. அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டிகள்தான் இன்று கொங்குப் பகுதிக் கடைகளின் வாசலில் நிற்கின்றன. இவற்றில் மூன்று தலைமுறை உண்டு. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் பழைய 2 ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பர் வகை ஒன்று. 2015ல் வந்த 4 ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வகை, கார்புரேட்டர் உள்ளது, இரண்டாவது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு கார்புரேட்டருக்குப் பதிலாக பியூயல் இன்ஜெக்‌ஷனோடு வருவது மூன்றாவது. முதல் இரண்டு வகைக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றே. மூன்றாவது வகையைக் கடைசியில் தனியாகச் சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். வண்டி கிளம்பவில்லை என்பது பணத்துக்கும் நேரத்துக்கும் நஷ்டம், அவ்வளவுதான். அதை நாமே பொறுமையாகப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் சிக்கிக்கொள்கிறது என்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த வண்டியை அரை மணி நேர வேலைக்குக்கூடக் கடைப் பையனிடம் கொடுத்து அனுப்பக்கூடாது.

கிளம்பாத வண்டி

பெட்ரோல் எஞ்சின் ஓட நான்கு வேண்டும்: பெட்ரோல், காற்று, பிளக்கில் தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம். கிளம்பாத எந்த வண்டியிலும் இந்த நான்கில் ஒன்று குறைந்திருக்கிறது. எது என்று தெரிவதற்கு முன்பே கார்புரேட்டர் மாற்றுவது, காயில் மாற்றுவது என்று செலவில் இறங்குவதால்தான் பில் ஏறுகிறது. கல்லாவில் பணம் குறைந்தால் உடனே புதுக் கல்லாவா வாங்குகிறோம்?

எஞ்சினைத் தொடும் முன் வெளியே பார்க்க வேண்டியவை சில உண்டு. சாவி, ஹேண்டிலில் உள்ள சுவிட்ச், பெட்ரோல் காக். இந்த மூன்றையும் பார்க்காமல் இருபது தடவை உதைத்து வேர்த்து நிற்பவர்கள் அநேகம். காக் திறந்திருந்தும் பெட்ரோல் வராமலிருந்தால் ரிசர்வில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினுக்கு சோக் போட வேண்டும். சூடான எஞ்சினுக்குப் போடக்கூடாது. கடையில் சரக்கு இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்ப வந்து சோக் இழுத்து உதைத்தால், பெட்ரோல் அதிகமாக ஏறிப் பிளக் நனைந்துவிடும். நல்ல பெட்ரோல் வாடை அடிக்கும், எஞ்சின் மட்டும் கிளம்பாது. அப்படி ஆனால் காக்கை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை உதைக்க வேண்டும். உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்த நொடியே ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். இதை வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் செய்யுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

இதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் சாட்சி அதுதான். முனை லேசான காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். தீப்பொறியைப் பார்க்க வேண்டும். நாலைந்து உதைக்குப் பிறகும் முனை வறண்டு கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. உலர்ந்த கரியாகக் கறுத்திருந்தால் காற்று போதவில்லை, ஏர் பில்டரைக் கவனியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் 2 ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் அளவு கூடிவிட்டது. 4 ஸ்ட்ரோக் வண்டியில் அதே பிசுக்கு வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு வழியாக ஆயில் ஏறுகிறது என்று அர்த்தம், மெக்கானிக்கிடம் போக வேண்டிய விஷயம். முனை வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் சூடேறுகிறது.

தீப்பொறி பார்க்கிற முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கழற்றிய பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோகப் பகுதி எஞ்சின் மேல் படும்படி வைத்து உதைக்க வேண்டும். நீல நிறத்தில் 'சட் சட்' என்று சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் போதாது. ஆனால் இதில் நம்மவர்கள் காட்டும் அசட்டை கொஞ்சநஞ்சமல்ல. பிளக் கழற்றிய துளையிலிருந்து உதைக்கும்போது பெட்ரோல் ஆவி வெளியே சீறும். பொறியை அதன் வாயருகே காட்டினால் பற்றிக்கொள்ளும். பிளக்கைத் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். கடைக்குள்ளோ, சாக்கும் சணலும் கற்பூரமும் தீப்பெட்டிப் பண்டலும் அடுக்கிய குடோன் ஓரத்திலோ இதைச் செய்யவே வேண்டாம். தெருவில் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

பொறி இல்லை என்றால் முதலில் புதுப் பிளக் ஒன்றை வைத்துப் பாருங்கள். செலவும் குறைவு, ஐயமும் தீரும். பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும், பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை. புதுப் பிளக்கிலும் பொறி வராவிட்டால் பிளக் கேப்பைக் கழற்றி ஒயர் முனையைப் பாருங்கள். மழைக் காலத்தில் கேப்புக்குள் ஈரம் இறங்குவதும், வெயிலில் ரப்பர் வெடித்து அதன் வழியாகக் கரண்ட் எஞ்சினுக்குக் கசிவதும் சாதாரணம். தென்மேற்குப் பருவமழையில் பொள்ளாச்சிப் பக்கத்து உறுப்பினர்களுக்கும், ஐப்பசி மழையில் நம் எல்லோருக்கும் இந்தத் தொல்லை வரும். அடுத்தது ஹேண்டில் சுவிட்ச். நனைந்தோ துருப்பிடித்தோ அது உள்ளுக்குள்ளேயே எர்த் ஆகிவிட்டால், சுவிட்ச் 'ஆன்' என்று காட்டினாலும் எஞ்சினுக்கு அது 'ஆப்'தான். காயிலையும் சி.டி.ஐ. பெட்டியையும் மாற்றச் சொல்கிற மெக்கானிக்கிடம், "சுவிட்ச் ஒயரை ஒரு நிமிஷம் கழட்டிவிட்டுப் பாருங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பல நூறு ரூபாய் மிச்சமாகலாம்.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, ஆனாலும் கிளம்பவில்லையா? பிளக் ஒயரைத் தனியே ஒதுக்கி வைத்து, துளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வர வேண்டும். தள்ளாவிட்டால் ரிங், பிஸ்டன், வால்வு என்று உள்வேலை இருக்கிறது. இதில் நாம் கை வைக்க வேண்டாம்.

பெட்ரோல்தான் பாதிக் கதை

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சென்ற இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சொல்லும் புகார் ஒன்று உண்டு. நாலைந்து நாள் நிறுத்தி வைத்தால் வண்டி கிளம்ப மறுக்கிறது என்பது அது. இதைப் புரிந்துகொள்ள இன்றைய பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். 2018ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க 2030ஐ இலக்காக வைத்தது. 2022ல் அதை 2025-26க்கு முன்கொண்டு வந்தார்கள். 10 சதவீதக் கலப்பு 2022 ஜூனிலேயே எட்டப்பட்டது. 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025ல் நாடு முழுவதும் 20 சதவீத அளவை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. கரும்பும் தானியமும் விற்கிற விவசாயிக்கு இதில் லாபம், நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சம் என்பது ஒரு பக்கம். வண்டியின் பக்கம் என்ன என்பதுதான் இங்கே நம் கேள்வி.

எத்தனால் தண்ணீரோடு கலக்கும் குணமுள்ளது. காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். டேங்க் மூடி வழியாகக் கொஞ்சம் மழைநீர் இறங்கினால் முன்பெல்லாம் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இப்போது ஓரளவு வரை பெட்ரோலோடு கரைந்து போய்விடுகிறது, தொல்லை தெரிவதில்லை. அந்த அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து ஒரேயடியாகப் பிரிந்து டேங்கின் அடியில் படிந்துவிடும். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போவது அடியிலிருந்துதான். வண்டி முந்தின நாள் நன்றாக ஓடி மறுநாள் அடியோடு மறுப்பதற்கு இது ஒரு காரணம். சோதிப்பது எளிது. கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால், கீழே தனி அடுக்காக ஏதாவது நின்றால் டேங்க் முழுவதையும் வடித்துவிட வேண்டும். அந்த பாட்டிலை மறந்துபோய்க் கடை அலமாரியில் எண்ணெய் பாட்டில்களோடு வைத்துவிடாதீர்கள்.

இ20 பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் உண்டு. அதற்கு முந்தைய வண்டிகளில் பெட்ரோல் குழாய், காக் வாஷர், கார்புரேட்டர் ரப்பர்கள் நாளாவட்டத்தில் உப்பிப்போகலாம், அல்லது இறுகி வெடிக்கலாம். குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், இது சில பத்து ரூபாய் விஷயம். எத்தனாலுக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு எரிசக்திதான் உண்டு என்பதால் மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ணிக் கார்புரேட்டர் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

பொங்கலுக்கோ, குலதெய்வக் கோயிலுக்கோ கடையைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் போகிறீர்கள் என்றால் காக்கை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்காது. தங்கிய பெட்ரோல் ஆவியாகி விட்டுச்செல்லும் பிசுக்குதான் ஊசித் துளை அளவே உள்ள ஸ்லோ ஜெட்டை அடைக்கிறது. அது அடைத்தால் வண்டி சோக் போட்டால் மட்டும் ஓடும், சோக்கை எடுத்தால் அணையும். இந்த அறிகுறி தெரிந்தால் வேறெதையும் தேட வேண்டாம். ஜெட்டைக் கழற்றிக் காற்று அடித்தால் போதும். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அதற்குப் பிறகு எஞ்சின் என்றைக்கும் சீராக ஓடாது.

2 ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பல பங்க்குகளில் 2டி ஆயில் கலந்து தரும் வசதி இல்லாததால் பாக்கெட் வாங்கி நாமே ஊற்றுகிறோம். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. ஆயிலை முதலில் ஊற்றிப் பிறகு பெட்ரோல் போட்டால் நன்றாகக் கலக்கும். பெட்ரோல் போட்ட பிறகு மேலே ஆயிலை ஊற்றினால் அது கீழே இறங்கிக் காக் வாயில் கட்டியாக நிற்கும், காலையில் கிளம்பாது. 'கொஞ்சம் கூடப் போட்டால் எஞ்சினுக்கு நல்லது' என்று ஊற்றுவது பிளக்கையும் சைலன்சரையும் கரியால் அடைக்கும். குறைத்து ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 20 மில்லி எண்ணெயைக் கண்ணாலேயே அளக்கத் தெரிந்த மளிகைக்காரர் சொந்த வண்டிக்கு மட்டும் குத்துமதிப்பாக ஊற்றுவது வேடிக்கை!

இன்னொரு சின்ன விஷயம் பெரிய அலைக்கழிப்பைத் தரும். வண்டி நன்றாகக் கிளம்பி மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடிப் படுத்துவிடும். கால் மணி நேரம் நின்றால் மறுபடி கிளம்பும். டேங்க் மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு. மாவும் தூசியும் படிந்து அது அடைபட்டால் டேங்குக்குள் காற்று நுழைய வழியின்றிப் பெட்ரோல் இறங்காது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி கிளம்பினால் குற்றவாளி அந்தத் துளைதான்.

ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை

கிளம்பும், மெதுவாக நிற்கும், ஆக்சிலேட்டரைத் திருகினால் மட்டும் திக்கித் திணறும். இதற்கு நம் தொழிலிலேயே காரணம் இருக்கிறது. மிளகாய் அரைக்கும் மில்லுக்கும் மாவு மில்லுக்கும் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கும் போகிற வண்டியின் ஏர் பில்டர், வீட்டு உபயோக வண்டியின் பில்டரைவிட வெகு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சாக்கு நார் வேறு சேரும். கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கு வரும் வரை நாம் காத்திருக்கக்கூடாது, மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. நுரைப் பஞ்சு வகையானால் கழுவி உலர்த்திப் போடலாம். காகித வகையைக் கழுவக்கூடாது, தட்டித் தூசி போகாவிட்டால் மாற்ற வேண்டும். பில்டர் இல்லாமல் ஓட்டினால் வண்டி பறக்கிறது என்று சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மிளகாய்த் தூளும் மணலும் நேராக சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்த்துவிடும். பிறகு லைனர் கிட் செலவுதான்.

பில்டர் சுத்தமாக இருந்தும் வேகம் எடுக்காவிட்டால் மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும். 2 ஸ்ட்ரோக் வண்டியானால் சைலன்சரையும் கழற்றிக் கரியைத் தட்டி எடுக்க வேண்டும்.

நிற்காத வண்டி

இப்போது ஆக்சிலேட்டர் விஷயத்துக்கு வருகிறோம். கியர் பைக்கில் ஆக்சிலேட்டர் சிக்கினால் கிளட்ச்சைப் பிடித்துத் தப்பலாம். மொபெட்டில் கிளட்ச் லீவர் கிடையாது. எஞ்சின் வேகம் கூடினால் தானே பிடித்துக்கொள்ளும் சென்ட்ரிபியூகல் கிளட்ச்தான் உள்ளே இருக்கிறது. எஞ்சின் சீறினால் சக்கரம் சுற்றியே தீரும். ஸ்டாண்டில் நிறுத்தி வண்டியைக் கிளப்பச் சொன்னது இதனால்தான். ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது எஞ்சின் சீறிக்கொண்டிருந்தால் வண்டி ஆளையும் இழுத்துக்கொண்டு பாயும். 60, 70 கிலோ சரக்கோடு அவிநாசி சாலையில் போகும்போது சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிக்கிவிட்டால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. அதோடு இரண்டு பிரேக்கும். ஆக்சிலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நொடிகளை வீணாக்கக்கூடாது. வண்டியை எடுத்துப் போகும் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு அந்த சுவிட்சைத் தொட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். கடைப் பையனிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அந்த சுவிட்சே வேலை செய்யாமல் கிடக்கிறது, சாவியால் மட்டும் அணைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

சிக்குவதற்கான காரணங்கள் நம் கண்முன்னேயே இருப்பவை. ஹேண்டிலில் தொங்கும் பைதான் முதல் எதிரி. பையின் கைப்பிடி கேபிளை அழுத்தும், அல்லது ஹேண்டிலைத் திருப்பும்போது காலடியில் நிற்கும் மூட்டையின் தலை கேபிளை மடக்கும். இதற்கு ஒரு சோதனை உண்டு. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் கூடினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அது போகும் வழியைச் சரிசெய்ய வேண்டும். சரக்கு ஏற்றிய பிறகும் எஞ்சினை அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள். விட்டதும் 'டக்' என்று தானே திரும்ப வேண்டும். கையால் தள்ளித்தான் திரும்புகிறது என்றால் சரக்கை இறக்குங்கள்.

அடுத்தது கேபிளின் உள்கம்பி. கைப்பிடிக்குள் நுழையும் இடத்திலும் கார்புரேட்டர் மேலேயும் அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறும். அறுந்த இழை ஒன்று உறையில் மாட்டிக்கொண்டால் ஆக்சிலேட்டர் திறந்தபடியே நின்றுவிடும். ஓர் இழை அறுந்தது தெரிந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்ப்போம் என்பது இங்கே சிக்கனம் ஆகாது. கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். இறுக்கமாக வைத்தால் எஞ்சின் அமைதியாக நிற்காது.

கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் ஸ்லைடில் தூசி சேர்ந்தாலும் சிக்கும். சர்வீஸ் முடிந்து வந்த அன்றைக்கே ஆக்சிலேட்டர் இறுகினால், ஸ்லைடு அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மெக்கானிக் ஷாப்புகளில் நடக்கும் ஒரு குறுக்குவழியையும் சொல்ல வேண்டும். வண்டி சிக்னலில் அணைந்துபோகிறது என்று சொன்னால், காரணம் தேடாமல் ஐடிலிங் திருகை ஒரு சுற்று ஏற்றிவிடுவார்கள். அணைவது நிற்கும். ஆனால் வண்டி தானாகவே மெல்ல நகர ஆரம்பிக்கும். மொபெட் முழு ஓய்வில் இருக்கும்போது ஸ்டாண்டில் நிறுத்திய பின்சக்கரம் வேகமாகச் சுற்றக்கூடாது. லேசாக அசைவது வேறு, விடாமல் சுற்றுவது வேறு.

குழந்தைகளை முன்னால் நிற்க வைத்து ஓட்டும் வழக்கம் நம் ஊரில் உண்டு. கடை வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடி சரக்கை எடுக்க இறங்குகிறோம், குழந்தை விளையாட்டாகக் கைப்பிடியைத் திருகுகிறது. கிளட்ச் தானே பிடிக்க, வண்டி கடைக்குள்ளேயோ சாலைக்கோ பாய்கிறது. இறங்கும்போதெல்லாம் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டால் இதற்கு இடமில்லை. குழந்தைகளுக்கென்றே வரும் நாலு சக்கர மோட்டார் வண்டிகளைச் சில வசதியான வீடுகளிலும் சுற்றுலா இடங்களிலும் பார்க்கிறோம். அவற்றில் இதற்கென்றே இரண்டு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டர் முழுவதும் திறக்காதபடி தடுக்கும் ஒரு திருகு, இழுத்தால் எஞ்சினை அணைக்கும் ஒரு கயிறு. அந்த வண்டி கிளம்பவில்லை என்று யாராவது கேட்டால் முதலில் அந்தக் கயிற்றின் முனை சரியாகச் செருகியிருக்கிறதா, பிரேக்கைப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்கிறார்களா என்று பாருங்கள். வேகம் போகவில்லை என்றால் அந்தத் திருகுதான் காரணம், அதை அப்படியே விட்டுவிடுங்கள். மற்றபடி பிளக், பெட்ரோல், ஜெட், கேபிள் என்று மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்பதும் இதில் அடக்கம். 16 வயதில் உரிமம் கிடைப்பது 50 சி.சி. வரை உள்ள கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். எக்ஸ்.எல். 100ன் எஞ்சின் 99.7 சி.சி. பழைய எக்ஸ்.எல். சூப்பரும் 50 சி.சி.யைத் தாண்டியதே. 'மொபெட்தானே' என்று பள்ளி விடுமுறையில் மகனையோ கடைப் பையனையோ அனுப்புகிறவர்கள், 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் வண்டியின் உரிமையாளருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தும் உண்டு. உரிமம் இல்லாதவர் ஓட்டிய விபத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கவும் வாய்ப்பு உண்டு.

நாமே திறக்கலாமா?

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பரம்பரை உண்டு. சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பூட்டித்தான் எஞ்சினைக் கற்றுக்கொண்டார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார், பிறகு கோவை மோட்டார் தொழிலின் பிதாமகர்களில் ஒருவரானார். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறந்த மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பிளக், ஏர் பில்டர், டேங்க் மூடி, கேபிள், கார்புரேட்டர் வடிகால் ஆகியவற்றைத் தாராளமாக நாமே பார்க்கலாம். கார்புரேட்டரைப் பிரிப்பது பழகியவர் வேலை. எஞ்சினைத் திறப்பது மெக்கானிக் வேலை.

2020க்குப் பின் வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இந்த எல்லை இன்னும் குறுகிவிடுகிறது. அவற்றில் சோக் இல்லை, ஜெட் இல்லை, திருகிச் சரிசெய்ய ஒன்றுமில்லை. சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி மெல்லிய சத்தம் தர வேண்டும். தராவிட்டால் பியூஸையும் பேட்டரியையும் பாருங்கள். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் உதைத்தாலும் கிளம்பாமல் போகலாம். சைடு ஸ்டாண்டு போட்டிருந்தால் எஞ்சின் கிளம்பாத வண்டிகளும் உண்டு, ஸ்டாண்டை எடுத்துவிட்டுப் பிறகு கவலைப்படுங்கள். மீட்டரில் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிந்தால் கம்பெனி சர்வீசில் கருவி வைத்துத்தான் படிக்க வேண்டும். ரிசர்வ் வரை வற்ற வற்ற ஓட்டும் பழைய வழக்கத்தையும் இவற்றில் விட்டுவிடுவது நல்லது, டேங்கில் பெட்ரோல் இருந்தால்தான் அந்த பம்ப் சூடேறாமல் இருக்கும்.

சர்வீசுக்கு விடும்போது மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள், பில்லோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வண்டிகளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப் பட்டியலில் ஸ்பேர் வாங்கிவிட வேண்டாம். கடையில் ஒரு சின்ன டப்பாவில் புதுப் பிளக் ஒன்று, பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளையர், ஓர் ஆக்சிலேட்டர் கேபிள், ஒரு முழம் பெட்ரோல் குழாய், உப்புத்தாள் துண்டு, பழைய துணி ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். வண்டி எண்ணும், கடைசியாகப் பிளக் மாற்றிய தேதியும் டப்பா மூடியில் எழுதியிருந்தால் மெக்கானிக்குக்கும் உதவும்.